வெற்றித்திலகம் ஏலத்தில் எடுத்த கதவு

ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் கம்பி நீட்டுகிறவர்களில் கதவக்கா பார்க்காத ரகம் கிடையாது. "குழந்தை விளையாட்டா அமுக்கிருச்சு" என்பவர் ஒரு ரகம். கடைசி நிமிடம் வரை விடாமல் விலையை ஏற்றி, சரியாக முடிகிற நேரத்தில் அமுக்கத் தெரிந்த அந்தக் குழந்தையைக் கதவக்காவுக்கு ஒருதரம் நேரில் பார்க்க ஆசை. "அளவைச் சரியாப் பார்க்கல" என்பவர் இன்னொரு ரகம். அளவை அவள் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பாள், படத்திலும் டேப்பை வைத்துக் காட்டியிருப்பாள். மிச்சப் பேர் கிணற்றில் போட்ட கல் மாதிரி. கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், எழுதினால் பதில் வராது. ஆனால் மறுநாளே வேறு யாருடைய ஜன்னலுக்கோ விலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இடிக்கிற கட்டடங்களிலிருந்து கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று அவள் கணவர் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இறக்கி, கதவக்கா பழைய பெயிண்டைச் சுரண்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, படம் பிடித்து இணையத்தில் ஏலத்துக்குப் போடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பணம் வராத கதவு என்றால் அவளுக்கு ஏன் அப்படிக் கோபம் வரும் என்று கேட்டால் சொல்வாள். ஜெயித்தவன் கட்டவும் மாட்டான், வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லவும் மாட்டான். அதுவரை கதவு யாருக்கும் சொந்தமில்லை. அடுத்தவருக்கு விற்க முடியாது. மழையில் போட முடியாது. கொட்டகையில் இடத்தை அடைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கும். போகவர அதைப் பார்க்கிறபோதெல்லாம் யாரோ நம்மை மதிக்காமல் விட்டுப் போனது மாதிரி இருக்கும்.

ஏலத் தளத்தில் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். கெடு முடிந்ததும், விற்பவர் "பணம் கட்டவில்லை" என்ற பட்டனை அமுக்கலாம். ஜெயித்தவர் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும். மூன்று விழுந்தால் அவர் கணக்கையே மூடிவிடுவார்கள். இன்னொரு பட்டன், "இருவரும் பேசி ரத்து செய்துகொண்டோம்". இதை அமுக்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. முக்கால்வாசி வியாபாரிகள் எதற்கு வம்பு என்று இரண்டாவதைத்தான் அமுக்குவார்கள். கதவக்கா தன் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. பேசாத ஒன்றைப் பேசினோம் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்பாள்.

அவள் தளர்ந்துபோனது ஒரே ஒரு தடவைதான். அது அந்த இரட்டைக் கதவு விஷயத்தில்.

பழைய நூலகம் ஒன்றை இடித்தபோது வந்த கதவு அது. மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் என்ன நிறமென்றே தெரியாத ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தபோது உள்ளே தேன் நிறத்தில் தேக்கு. கதவக்காவே அன்று சாப்பாட்டை மறந்துவிட்டு அதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏலத்தில் போட்டதும் போட்டி சூடுபிடித்தது. கடைசியில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஜெயித்தவர் தளத்தில் வைத்திருந்த பெயர், வெற்றித்திலகம்.

வெற்றித்திலகம் பணம் கட்டவில்லை. கதவக்கா வழக்கம்போல் கறாராக நினைவூட்டினாள். வந்த பதிலைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் மனைவி தவறிவிட்டாள். அவள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவள் கையால் காபி குடிக்காமல் எனக்குப் பொழுதே விடியவில்லை. சிறிது அவகாசம் கொடுங்கள்."

கதவக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்பின் தெரியாத ஆளோட பொண்டாட்டிக்கு நீ எதுக்குடி அழறே?" என்றார் கணவர். "தெரிஞ்சாதான் அழணுமா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே பதில் எழுதினாள். "அவசரமே இல்லை ஐயா. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஒருவேளை இது உங்கள் மனைவி ஆசைப்பட்ட கதவாக இருந்தால் சொல்லுங்கள், எத்தனை நாளானாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்."

கெடு முடிந்தும் அவள் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. அந்தக் கதவின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தி வைத்தாள்.

இதற்கிடையில் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகவேண்டி வந்தது. கண் மருத்துவமனையில் கண்ணாடி அளவு பார்க்கிற வேலை மகளுக்கு. அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்த பையனோடு பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் சொல்லி, சம்மதமும் வாங்கிவிட்டாள். பையன் தங்கமானவன். அவன் அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய அதிகாரி. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவேண்டியதுதான் பாக்கி. "அம்மா, அங்க வந்து கதவு ஜன்னல்னு ஆரம்பிச்சுடாதே" என்று மகள் கிளம்பும்போதே சொல்லிவைத்தாள். கதவக்காவும் சரி என்று தலையாட்டினாள்.

புது வீடு. வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. வாசலில் மட்டும் கதவில்லை. நிலைச்சட்டத்தில் ஒரு பிளைவுட் பலகையை வைத்து மறைத்திருந்தார்கள். கதவக்காவின் கண் சும்மா இருக்குமா? உள்ளே நுழைகிறபோதே நிலையை மேலும் கீழும் அளந்துவிட்டது. இரட்டைக் கதவுக்கான நிலை. அந்த அளவு எங்கேயோ பார்த்த அளவாக இருந்தது.

அதிகாரி ஐயா சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை வரவேற்றதைவிட வீட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். இந்தத் தரை எங்கிருந்து வந்தது, அந்த விளக்கு என்ன விலை, யாரும் வாங்க முடியாததைத் தான் எப்படி வாங்கினார். அவர் மனைவி தட்டில் பிஸ்கட்டும் காபியும் கொண்டுவந்தார். மெலிந்த உடம்பு, சிரித்த முகம். "அந்தத் தட்டையா எடுத்துட்டு வந்தே? நல்ல தட்டு உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்டார். அம்மாள் டம்ளர்களை இறக்கி வைத்துவிட்டுத் தட்டோடு உள்ளே போனார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான்தான் பார்த்துக்கணும்" என்று வந்தவர்களிடம் சிரித்தார்.

பேச்சு பேச்சாக இருக்கட்டுமே என்று கதவக்காவின் கணவர் கேட்டுவைத்தார். "வாசக்கதவு இன்னும் போடலீங்களா?"

கேட்டதுதான் தாமதம். "அதை ஏன் கேக்கறீங்க? அபூர்வமான கதவு, பழைய தேக்கு. ஏலத்துல அத்தனை பேரையும் தோக்கடிச்சு எடுத்தேன். பணத்தை மொத்தமா வாங்கிக்கிட்டா ஒருத்தி. கதவை அனுப்பல. ஃபோட்டோ பாருங்க." போனை நீட்டினார்.

தேன் நிறத் தேக்கு. படத்தின் ஓரத்தில் ஒரு நீல வாளி. வாளிக்குப் பக்கத்தில் கதவக்காவின் கணவருடைய பிய்ந்த செருப்பு.

கணவர் போனைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேசைக்கு அடியில் கதவக்காவின் காலை ஓங்கி மிதித்தார். மகளும் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மோசக்காரி" என்றார் வெற்றித்திலகம். "இந்த மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக்கூடாது."

சரியாக அப்போது அம்மாள் நல்ல தட்டோடு திரும்பி வந்தார். கதவக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்துப்போனவர் இவர்தான். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா, இருக்காங்க, நல்லா இருக்காங்க என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, வந்தது அப்படியே உச்சிக்கு ஏறியது.

மகளுக்காக வாயை மூடிக்கொள்ளலாம் என்று அவள் நினைக்காமலில்லை. அந்தப் பையனின் பெயரைச் சொல்லும்போது மகளின் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மோசக்காரி என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு அந்த வீட்டுக் காபியையும் விழுங்க அவள் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

"அந்த மோசக்காரி நான்தாங்க" என்றாள்.

அதிகாரி ஐயா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க ஏதோ பழைய சாமான் வியாபாரம்னுதானே சொன்னாங்க?"

"பழைய சாமான்ல இந்தக் கதவும் ஒண்ணு. எங்க வீட்ல போர்வை போர்த்தி வெச்சிருக்கேன். நீங்க ஒரு பைசா கட்டல."

"ஆதாரம் இருக்கா?"

"இருக்கு. இங்க வேண்டாம்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! காட்டச் சொன்னா நழுவறாங்க" என்று அவர் எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார்.

கதவக்கா அம்மாளைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற மனுஷியிடம் இதை எப்படிக் காட்டுவது என்று அவள் தயங்கிய நேரத்தில், அம்மாளே தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "என்கிட்ட குடுங்க."

படித்தார். கணவர் எழுதியதையும் கதவக்கா எழுதிய பதிலையும் வாய்க்குள்ளேயே படித்தார், நிதானமாக, திரும்ப ஒருதரம். போனைக் கதவக்காவிடம் கொடுத்தார். பிறகு காபி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார். கணவரின் டம்ளரில் பாதிக் காபி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேனில் திரும்பி வரும்போது மகள் அழுதுகொண்டே வந்தாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாம்மா?"

"அவரு இருந்தாரா?" என்றாள் கதவக்கா. மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் அவளை வீடு வரை விடவில்லை.

மறுநாள் கணவருக்கு போன் வந்தது. பேசிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். கதவக்கா ஒரு ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி பெரிய மனசு பண்றாராம். நடந்ததை மறந்துடலாங்கறாரு. நீ அந்த ரெண்டாவது பட்டனை அமுக்கிட்டு, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமாம். அவருக்கு ஏற்கெனவே ரெண்டு கரும்புள்ளி இருக்குதாம். இன்னொண்ணு விழுந்தா கணக்கு போயிரும். இல்லேன்னா கல்யாணப் பேச்சே வேண்டாங்கறாரு."

"ஏற்கெனவே ரெண்டா!" என்றாள் கதவக்கா. "அந்த ரெண்டு தடவை வீட்ல யாரு யாரு செத்தாங்களாம்?"

"விளையாடாதடி. பொண்ணு மூஞ்சியப் பாரு. ஒரு பட்டனுக்காகவா இந்த ஆட்டம்?"

கதவக்கா சுரண்டியைக் கீழே வைத்தாள். "பட்டனுக்காக இல்லீங்க. நான் இதை இன்னிக்கு அமுக்கினா, நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்ல தினம் ஒண்ணை அமுக்கணும். தட்டு தப்பு, காபி தப்பு, நீ தப்பு. எல்லாத்துக்கும் ஆமா, ரெண்டு பேரும் பேசிட்டோம், ஆமா, ரெண்டு பேரும் பேசிட்டோம். அந்த அம்மாவை நீங்க பார்க்கலையா?"



கதவக்கா மகளிடம் போனாள். கேட்காமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. தான் நினைத்ததை அப்படியே சொன்னாள். "உனக்காக வேற எது வேணா செய்யறேன். இதை மட்டும் செய்ய மாட்டேன். நீ என்னை வெறுத்தாலும் சரி."

மகள் அவளைப் பார்க்கவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவையும் கதவக்காதான் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருந்தாள். அது சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

கதவக்கா போனை எடுத்தாள். "பணம் கட்டவில்லை" என்பதை அமுக்கினாள். வெற்றித்திலகத்துக்கு மூன்றாவது கரும்புள்ளி விழுந்தது. அந்த வேகத்திலேயே போர்வையை உருவி எறிந்துவிட்டு, கதவைப் புதிதாகப் படம் பிடித்து மறுபடி ஏலத்துக்குப் போட்டாள். செருப்பை மட்டும் இந்தத் தடவை தள்ளி வைத்தாள்.

சம்பந்தி வீட்டிலிருந்து அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். கணவர் வேனைத் துடைத்த இடத்தையே துடைத்தார். கதவக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஜன்னலைச் சுரண்டிச் சுரண்டிப் பாதியாக்கிவிட்டாள்.

ஏலம் முடிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறையும் போட்டி பலமாகத்தான் இருந்தது. ஜெயித்தது புதுக் கணக்கு, முன்னால் எதையும் வாங்கியதில்லை. புதுக் கணக்கென்றாலே டிமிக்கிதான் என்பது அவள் அனுபவம். பெயரைப் பார்த்தாள். "உயிரோட_இருக்கேன்" என்று இருந்தது. அவள் அதை வாசித்து முடிப்பதற்குள் பணம் முழுவதும் வந்து சேர்ந்த செய்தி கீழே வந்துவிட்டது.

மதியம் வாசலில் ஒரு சரக்கு வண்டி நின்றது. பின்னாலேயே ஒரு கார். வண்டியிலிருந்து பையன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா, கையில் அளவு டேப்போடு இறங்கினார்.

"கதவை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றார் கதவக்காவிடம். "திரைச்சீலை தைச்சு சேர்த்த காசு. அவரோடது ஒரு பைசா இல்ல."

"உக்காருங்க, காபி போடறேன்" என்றாள் கதவக்கா.

"குடிச்சா நீங்க போட்ட காபியைக் குடிக்கணும்" என்று அம்மாள் சிரித்தார். பிறகு கொட்டகைக்குள் போய்க் கதவின் மேல் கையை வைத்தார். "இதைப் பார்த்ததும் மொதல்ல நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான். அவரு போன்ல காட்டினாரு. நான் சொன்னது அவரு காதுல விழல. ஜெயிக்கணும்கறதுதான் விழுந்துச்சு. ஜெயிச்சதும் அவருக்கு அது முடிஞ்சுபோச்சு."

கதவக்கா தலையாட்டினாள். அந்த ரகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் செத்துட்டேன்னு எழுதினது கூட எனக்குப் பெரிசா வலிக்கல சம்பந்தி. என் கை காபி இல்லாம பொழுதே விடியலன்னு எழுதியிருந்தாரு பாருங்க, அதுதான். உயிரோட நிக்கறவகிட்ட சக்கரை கம்மின்னு கத்தத்தான் தெரியும். செத்தவளுக்கு அப்படி எழுதத் தெரிஞ்சிருக்கு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எழுதியிருந்தீங்க, உங்க மனைவி ஆசைப்பட்ட கதவா இருந்தா சொல்லுங்கன்னு. நான் எதுக்காவது ஆசைப்படுவேனான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. நீங்க செத்தவன்னு நெனச்சுத்தான் கேட்டீங்க. ஆனாலும் கேட்டீங்க."

கதவக்கா அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், வெட்கமே படாமல் அழுதார்கள்.

மகள் எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்தாள். அம்மாள் அவளைப் பார்த்துச் சொன்னார். "கல்யாணம் நடக்கும்மா. அவர்கிட்ட நான் கேக்கல, சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் தனி வீடு, மாடில. உனக்கு எது புடிக்கலைன்னாலும் வாயைத் தொறந்து சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னா உங்கம்மாகிட்ட கேட்டுக்கோ."

மகள் கதவக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கதவக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கதவைத் தூக்கும் வேலை ஆரம்பித்தது. ஒரு பக்கக் கதவைப் பையனும் கதவக்காவின் கணவரும் கொண்டுபோய் வண்டியில் வைத்தார்கள். தேக்கு என்றால் தேக்கு, அதிலேயே இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அம்மாள் காரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இறங்கி வாங்க. ஆள் பத்தல."

காரிலிருந்து அதிகாரி ஐயா இறங்கினார். அந்த வீட்டு சோபாவில் இருந்த ஆளில் பாதிதான் இருந்தார். கதவக்காவை நிமிர்ந்து பார்க்காமல் இரண்டாவது கதவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் கதவக்காவே பிடித்தாள். நாலடி நகர்ந்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இப்பதான் பணம் முழுசும் வந்துருச்சே சம்பந்தி" என்றார் மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல். "அந்தக் கரும்புள்ளியை இனிமேலாவது எடுத்துடலாமில்ல?"

கதவக்கா கதவை இறக்கி வைக்காமல், நின்ற இடத்திலேயே அவரை நேராகப் பார்த்தாள்.

"கட்டினது நீங்க இல்லையே" என்றாள். "கொஞ்சம் தூக்கிப் புடிங்க. சம்பந்தியம்மாவோட கதவு தரையில உரசுது."